ஆறாவது காரணம்

அக்டோபர் 3, வியாழன்

பழைய நோட்டு தீர்ந்துவிட்டது. இது புதியது. பால்வாடிக்கு வந்த பதிவேடுகளில் ஒன்று மிச்சம் கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

நேற்று மாலை நல்ல மழை. ஆறு மணிக்கெல்லாம் ஊருணி மேட்டுத் தண்ணீர் ரோட்டைக் கடந்து ஓடியது. விடியும்வரை தூறல் விடவில்லை. இரண்டு நாள் வெயில் காய்ந்தால் கால் புதையாது, சனிக்கிழமை விதைப்பு தொடங்கலாம். ஈரம் ஒரு வாரம் நிற்கும். அதற்குள் விதை மண்ணில் விழ வேண்டும்.

எங்கள் மகளிர் உழவர் குழுவில் பதினான்கு பேர். எல்லோருக்கும் மானாவாரிக் கரிசல். மழையை நம்பி உளுந்து, மக்காச்சோளம். குழு டிராக்டர் வந்து மூன்று வருடம் ஆகிறது. ஓட்டுவது முப்பிடாதி. பயிற்சிக்கு ஆறு பேர் போனோம். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பயப்படாதவள் அவள் ஒருத்திதான். நான் பால்வாடி டீச்சர் என்பதால் செயலாளர் வேலை என் தலையில் விழுந்தது. யார் நிலம் முதலில், யாருடையது அடுத்து என்று பட்டியல் எழுதிச் சமுதாயக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். எங்கள் நிலம் மூன்றாவது. முப்பிடாதியின் ஒன்றரை ஏக்கர் கடைசி. "ஓட்டுதவ நெலம் கடைசியா இருந்தாத்தான் யாரும் ஒரு சொல்லு சொல்ல மாட்டாக டீச்சர்" என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

காலையில் பால்வாடிக்குப் போகிற வழியில் கூடத்துப் பின்பக்கம் போய் டீசல் பேரலைப் பார்த்தேன். மூடியை இறுக்கிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 4, வெள்ளி

பிள்ளைகளுக்கு எடை பார்த்தேன். இருபத்திரண்டு பிள்ளைகளில் மூன்று பேர் எடை குறைவு. அறிக்கை எழுத வேண்டும்.

மதியம் முப்பிடாதி பேரலில் கைப்பம்பு போட்டு டேங்க்கில் டீசல் ஏற்றிக் கலப்பை மாட்ட வண்டியை எடுத்திருக்கிறாள். ஊருணிக் கரை வரைக்கும் போய் இருமி இருமி நின்றுவிட்டதாம். பால்வாடி வாசலுக்கே வந்து சொன்னாள்.

"தும்முது டீச்சர். வெள்ளப் புகையாத் தள்ளுது. அப்புறம் செத்துப்போச்சு."

ஏர் லாக்காக இருக்கும் என்றேன்.

அக்டோபர் 5, சனி

இன்று முழுவதும் வண்டியோடு போயிற்று. ஊருணிக் கரையில், வெயிலில்.

பேட்டரி நன்றாக இருக்கிறது. செல்ஃப் அடித்தால் இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. ஆக, டீசல் போய்ச் சேரவில்லை என்றாள் முப்பிடாதி. பயிற்சியில் கொடுத்த தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வந்தேன். ‘டீசல் வராததற்கான காரணங்கள்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். நான் படித்துக் காட்ட அவள் செய்தாள்.

ஒன்று, டேங்க்கில் டீசல் இல்லாமை. மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தாள். முக்கால் இருந்தது. இரண்டு, டேங்க் அடியில் குழாய்த் திருகு மூடியிருத்தல். திறந்துதான் இருந்தது. மூன்று, டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்தல். ஊசியால் குத்திப் பார்த்தாள். மூடியைக் கழற்றி வைத்துவிட்டே செல்ஃப் அடித்தாள். ஒன்றும் இல்லை. நான்கு, பில்டர் அடைப்பு. அது போன மாதம்தான் மாற்றியது. ஐந்து, குழாயில் காற்று. பில்டர் மேல் திருகைப் பானாவால் தளர்த்திவிட்டு, பக்கத்தில் இருக்கிற சின்ன நெம்புகோலைக் கட்டைவிரலால் அடித்துக்கொண்டே இருந்தாள். கொப்புளம் கொப்புளமாக நுரை வந்தது. நுரை நின்று டீசல் கம்பியாக வந்ததும் இறுக்கினாள். இதை நான்கு தடவை செய்தாள். கட்டைவிரல் தோல் கழன்றுவிட்டது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"பில்டருக்கு அடியில ஒரு திருகு இருக்குல்ல டீச்சர், அத வடிச்சுப் பாக்கட்டுமா?"

வேண்டாம், வாஷர் கிழிந்தால் இன்னும் தொந்தரவு, மெக்கானிக் வரட்டும் என்றேன். சரி என்று பானாவைக் கீழே வைத்தாள்.

பிறகும் செல்ஃப் அடித்தோம். நிறையத் தடவை.

அக்டோபர் 6, ஞாயிறு

பேட்டரி இறங்கிவிட்டது. எட்டுப் பெண்கள் சேர்ந்து வண்டியை மேட்டிலிருந்து தள்ளிப் பார்த்தோம். கிளச்சை விட்டதும் ஒரு குலுக்கு, அவ்வளவுதான்.

கருத்தப்பாண்டி சொந்த டிராக்டர் வைத்திருக்கிறார். அதை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தவர் நிறுத்தி வேடிக்கை பார்த்தார். "வண்டிக்குப் பொம்பள கை ஆகல போல" என்றார். கரையில் கூடியிருந்த ஆண்கள் சிரித்தார்கள். முப்பிடாதி சக்கரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே நின்றாள், திரும்பவில்லை. பூரணம்தான் பதிலுக்கு ஏசினாள். பூரணம் குழுவில் சத்தக்காரி. ஒன்பது பேரை ஒற்றை ஆளாகச் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

வீட்டில் அவர், "நீ எதுக்கு இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார். தலைவலி என்றேன்.

அக்டோபர் 7, திங்கள்

மெக்கானிக் ஞானதுரை டவுனிலிருந்து வந்தார். ஐந்து நிமிடம் ஆகவில்லை. பில்டருக்கு அடியில் இருந்த திருகைக் கழற்றி ஒரு கண்ணாடி டம்ளரைப் பிடித்தார். டம்ளர் நிறைந்தது. வெயிலில் தூக்கிக் காட்டினார். மேலே விரல்கடை அளவுக்கு மஞ்சளாக டீசல். கீழே முழுவதும் வெள்ளையாக, சுத்தமாக, குடிக்கலாம் போல.

"தண்ணிம்மா. டேங்க்குல தண்ணி."

டேங்க்கை வடித்தார். பிறகு எல்லோரும் கூடத்துப் பின்னால் போனோம். பேரலின் அடியிலிருந்து உறிஞ்சி எடுத்துப் பார்த்தார். அதிலும் தண்ணீர். கைப்பம்பின் குழாய் பேரலின் அடிவரைக்கும் போகும். அடியில் தங்கியிருந்த தண்ணீரைத்தான் அது முதலில் இழுத்திருக்கிறது.

"தொறக்கும்போது மூடி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"இறுக்கமாத்தான் இருந்துச்சுண்ணே. பானா போட்டுத்தான் தொறந்தேன்" என்றாள் முப்பிடாதி.

அந்தப் பானா இரண்டே பேரிடம்தான் இருக்கிறது. ஒன்று அவளிடம், ஒன்று என்னிடம். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

பூரணம் முதலில் மெதுவாகத்தான் சொன்னாள். "மூடி இறுக்கமா இருந்தா தண்ணி எப்படி உள்ள போகும்? டீசல எடுத்து வித்துட்டு அளவு காட்டத் தண்ணிய ஊத்துனாத்தான் உண்டு." பிறகு சத்தமாகச் சொன்னாள். முப்பிடாதியின் புருஷன் நான்கு வருடமாகத் திருப்பூரிலிருந்து வரவில்லை, இவள் ஒற்றையாளாகச் சமாளிக்கிறாளே, எப்படி என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

ஞானதுரை டீசல் பம்ப்பைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். உள்ளே தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருக்கும் என்றார்.

அக்டோபர் 8, செவ்வாய்

கூட்டம். பதினான்கு பேரும் வந்தார்கள். தீர்மானப் புத்தகத்தில் நான் எழுதியதை அப்படியே இங்கே எழுதுகிறேன்: ‘டீசலில் தண்ணீர் கலந்தது குறித்து விசாரணை முடியும்வரை திருமதி முப்பிடாதி ஓட்டுநர் பொறுப்பிலிருந்து நிறுத்தி வைக்கப்படுகிறார்.’

எழுதும்போது அவள் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"டீச்சர், நீங்க சொல்லுங்க. நா அப்படிச் செய்வனா?"

"விசாரிப்போம் முப்பிடாதி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நான் ஏதோ அவளுக்கு உதவி செய்துவிட்டது போல.

என் கையெழுத்து எப்போதும் போல அழகாக இருக்கிறது.

அக்டோபர் 9, புதன்

கருத்தப்பாண்டியின் டிராக்டர் எங்கள் நிலத்தில் இன்று உளுந்து விதைத்தது. என் வீட்டுக்காரர்தான் ஏற்பாடு செய்தார். ஈரம் போய்விடும் என்றார். வரப்பில் நின்று பார்த்தேன். குழுவில் வசதி உள்ளவர்கள் எட்டுப் பேர் இப்படி வாடகைக்குப் பிடித்துவிட்டார்கள். மிச்சம் ஆறு பேர் சும்மா இருக்கிறார்கள்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 10, வியாழன்

ஒன்றுமில்லை என்று எழுதினேன். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. அப்படியும் இதில் பொய் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு வாரமாக.

இரண்டாம் தேதி, புதன்கிழமை. காந்தி ஜெயந்தி. கூடத்தில் கிராம சபை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். எங்கள் கிணற்றடித் துண்டு நிலத்தில் மிளகாய் நாற்று வாடிக் கிடந்தது, கிணற்று இன்ஜினில் டீசல் இல்லை. டவுனுக்குப் போக அவருக்குச் சோம்பல். "கூடத்துக்குப் பின்னால பேரல் சும்மாத்தான நிக்கி. ரெண்டு லிட்டர எடுத்துட்டு வா, அப்புறம் ஊத்திக்கிடலாம்" என்றார். குழு டீசலை யாரும் சொந்த வேலைக்குத் தொடக்கூடாது என்று தீர்மானம் எழுதியதே நான்தான். அதற்கு முன்னாலும் இரண்டு தடவை எடுத்திருக்கிறேன். திரும்ப ஊற்றியதில்லை.

கேனை நிரப்பிக்கொண்டிருந்தபோது இடி இடித்தது. ரோட்டில் யாரோ பேசிக்கொண்டு வருகிற சத்தம். கேனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். மூடியைப் போடவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இவ்வளவு மழை வரும் என்று தெரிந்திருந்தால் நாற்றுக்கு டீசலே தேவைப்பட்டிருக்காது.

மூடியின் நினைவு எனக்கு ராத்திரியே வந்தது. போகவில்லை. காலையில் போனேன். மூடி சேற்றில் கிடந்தது. பேரலின் தலைப்பக்கம் விளிம்பு மட்டத்துக்குத் தண்ணீர் கட்டி நின்றது. வாய் அதற்குள் முங்கியிருந்தது. மூடியை அடிகுழாயில் கழுவி, கையால் தண்ணீரை வழித்துவிட்டு, பானா போட்டு இறுக்கினேன். துளிதான் இறங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தும்முகிறது என்று அவள் வந்து சொன்ன நொடியிலேயே தெரியும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் ஐந்து காரணங்கள் இல்லை. ஆறு இருக்கின்றன. ‘6. டீசலில் தண்ணீர் கலந்திருத்தல். பில்டரின் அடித்திருகைத் திறந்து உடனே வடிக்கவும். வடிக்காமல் இன்ஜினைச் சுற்றக் கூடாது, பம்ப் கெட்டுவிடும்.’ ஐந்தோடு நிறுத்திப் புத்தகத்தை மூடிவிட்டேன். அவளாகவே வடிக்கட்டுமா என்று கேட்டபோது தடுத்தேன். அதன் பிறகு நாள் முழுக்கச் செல்ஃப் அடிக்கவிட்டேன்.

மூடியை மறந்தது மறதி. இது மறதி இல்லை.

இன்று காலை அவரிடம் சொன்னேன், கூட்டத்தில் சொல்லிவிடப் போகிறேன் என்று. "வாயத் தொறந்திராத. பால்வாடி வேலைக்கே பெட்டிஷன் போடுவானுக. அவளுக்கு என்ன, நாலு நாளு ஓட்டலன்னா குடியா முழுகிரும்? ஊரு மறந்துரும்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஓடாத வண்டியானாலும் பூஜையை நிறுத்தக்கூடாது என்று தண்ணீர் விட்டுக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினோம். பம்ப்பைக் கழற்றிய இடத்தில் ஞானதுரை துணியை அடைத்து வைத்திருந்தார். அந்த அழுக்குத் துணி தெரியாதபடி பூரணம் ஒரு செவ்வந்தி மாலையைத் தொங்கவிட்டாள்.

முப்பிடாதியைக் கூப்பிடவில்லை. அவளாகவே வந்தாள். நல்ல சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து. கையில் நான்கு எலுமிச்சம்பழம். வண்டி வந்ததிலிருந்து சக்கரத்துக்கு அடியில் பழம் வைப்பது அவள்தான்.

"நீ எதுக்கு வந்த?" என்றாள் பூரணம்.

"பழம் வச்சிட்டுப் போயிருதேன்க்கா."

"வண்டியக் கொன்னுட்டுப் பழம் வேற வைக்கியாக்கும்?"

முப்பிடாதி நேராக என்னிடம் வந்து பழங்களை என் கையில் வைத்தாள். "நீங்க வச்சிருங்க டீச்சர். நீங்க வச்சாலும் ஒண்ணுதான்." போய்விட்டாள். பழங்கள் அவள் கைச் சூட்டோடு இருந்தன.

வைத்தேன். நான்கு சக்கரத்துக்கும் குனிந்து குனிந்து வைத்தேன். கற்பூரம் காட்டும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். என்னால் மூட முடியவில்லை.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. புதிதாக மூன்று பிள்ளைகள் பால்வாடிக்கு. அரிசியில் ‘அ’ எழுத வைத்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

ஞானதுரை பம்ப்போடும் சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடும் வந்தார். உள்ளே துரு ஏறி இறுகிவிட்டதாம், பாதிச் சாமான் புதிதாகப் போட வேண்டியதாயிற்றாம். டீசலைப் பீய்ச்சும் நாசில்களையும் மாற்றியிருந்தார். மாட்டிக்கொண்டே சொன்னார்: "மொத நாளே வடிச்சுட்டுச் சும்மா விட்டிருந்தா இந்தப் பம்பு தப்பிச்சிருக்கும். தண்ணியோட செல்ஃப் அடிச்சு அடிச்சு உள்ள ஏத்திட்டீக."

டேங்க்கில் புது டீசல் ஊற்றிக் குழாயில் காற்றெடுத்தார். நாசில் நட்டுகளைத் தளர்த்தி, டீசல் சீறியதும் ஒவ்வொன்றாக இறுக்கினார். மூன்றாவது செல்ஃபில் வண்டி பிடித்துக்கொண்டது. ஊருணிக் கரையில் இருந்த எல்லோரும் கை தட்டினோம். தட்டி முடித்ததும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். ஓட்ட ஆள் இல்லை.

பிறகு கூடத்துப் பின்னால் ஞானதுரை பேரலைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இது ஊத்துன தண்ணி மாதிரி இல்லம்மா. மழத்தண்ணி, மண்ணு கலந்து கெடக்கு. மூடி வாஷர் போயிருக்கும், அது வழியா இறங்கியிருக்கும். ஆளு யாரையும் சொல்ல வேண்டாம்" என்றார்.

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. யாரும் குற்றவாளி இல்லை. ஒரு ரப்பர் வளையம். நானே ஆளனுப்பி முப்பிடாதியைக் கூட்டி வரச் சொன்னேன்.

வந்தாள். விஷயத்தைச் சொன்னோம். வாஷர் மேல் பழி, சாவியை வாங்கிக்கோ, ஆறு பேர் நிலம் காய்கிறது என்றாள் பூரணம். முப்பிடாதி மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"வாஷர் புதுசு. போன மாசம் நானே வாங்கியாந்து போட்டேன். இங்க பாருங்க, ஒரு வெடிப்பு இல்ல. இது வழியா ஒரு சொட்டு இறங்காது."

"ஏ கூறுகெட்டவளே, ஒனக்காகத்தான சொல்லுதோம்!"

"எனக்காக வாஷரக் குத்தஞ் சொல்ல வேண்டாம்க்கா. புஸ்தகத்துல என்னயத் திருடின்னு எழுதியிருக்கு."

திருடி என்று எழுதவில்லை என்றேன். நிறுத்தி வைக்கப்படுகிறார் என்றுதான் எழுதினேன் என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது இது.

"ஊருக்குள்ள அப்படித்தான் படிக்காக டீச்சர்" என்றாள். மூடியைப் பேரலில் வைத்து, சும்மா வைக்காமல் திருகி இறுக்கிவிட்டு, சாவியைத் தொடாமல் போனாள்.

பழையபடி எல்லோரும் அவளைத்தான் பேசினார்கள். வாஷர் நன்றாக இருந்தால் அப்போது இவள்தானே.

அக்டோபர் 15, செவ்வாய்

காலை பத்து மணிக்குக் கூட்டம் கூட்டினேன். முப்பிடாதி வர மாட்டேன் என்றாள். நானே போய்க் கூட்டி வந்தேன்.

என்ன சொல்ல வேண்டும் என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். ‘எதிர்பாராத சூழ்நிலையில்’ என்று தொடங்கியிருந்தது. அதை எடுக்கவில்லை.

"பேரல நாந்தான் தொறந்தேன்" என்றேன். "எங்க கெணத்து இன்ஜினுக்கு டீசல் எடுத்தேன். மூடாமப் போயிட்டேன். மழ உள்ள இறங்கிருச்சு. காலைல வந்து நாந்தான் மூடி வச்சேன். வண்டி நின்ன அன்னைக்கே எனக்குத் தெரியும். அவ தொடல. அவ ஒண்ணும் செய்யல."

உட்காரலாமா நிற்கலாமா என்று தெரியவில்லை. நின்றேன்.

பூரணத்துக்குப் புரிய நேரமாயிற்று. "நெசமாவா டீச்சர்?"

"ஆமா."

"நா அவளத் திருடின்னு கூப்பாடு போட்டேனே. அப்போ நீங்க எம் பக்கத்துலதான நின்னீக. அப்புறம் உக்காந்து எழுதுனீகளே."

"ஆமா."

அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவள் அழுவதை நான் பார்த்ததே இல்லை. "என் வாயால சொல்ல வச்சிட்டீகளே டீச்சர்" என்றாள்.

தீர்மானத்தை நானே அடித்து, காரணத்தையும் நானே எழுத வேண்டும் என்றார்கள். எழுதினேன். மூன்று வரி. முதல்முறையாக என் கையெழுத்து கோணிப்போயிருக்கிறது. செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டேன். பம்ப் செலவு எங்களுடையது.

நான் எழுதி முடித்ததும் முப்பிடாதி புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, விரலை வைத்து எழுத்துக்கூட்டி, மூன்று வரியையும் படித்தாள். எல்லோரும் காத்திருந்தோம். பிறகு மேசையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வண்டிச் சத்தம் கேட்டது.

வீட்டில் அவர் சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார்.

அக்டோபர் 16, புதன்

ஆறு பேர் நிலத்துக்கு விதைப்பு தொடங்கியது. மேல்மண் வெளுத்துவிட்டது. காலால் கீறினால் ஒரு சாண் ஆழத்தில்தான் கருப்பு. ஆனாலும் போடாமல் விட முடியாது.

பால்வாடி விட்டதும் விதை மூட்டை தூக்கப் போனேன். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்க வண்டியை நிறுத்தியபோது முப்பிடாதி இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆறாவத நீங்க படிக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

நான் மூட்டையைக் கீழே இறக்கி வைத்தேன். கூட்டத்தில் இதை மட்டும் நான் சொல்லவில்லை.

"அந்தப் புஸ்தகத்த எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி எனக்கு மனப்பாடம். தண்ணியப் பத்தி ஆறாவதா இருக்கு. நீங்க அஞ்சோட மூடுனீக. டீச்சருக்குத் தெரியாததா, காரணமில்லாம விட மாட்டாகன்னு நெனச்சேன்." குடித்த சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். "நா வடிச்சிருக்கணும். ஒங்க பேச்சக் கேட்டது எந் தப்பு."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்டோபர் 18, வெள்ளி

கடைசியாக முப்பிடாதியின் ஒன்றரை ஏக்கர். மண் பொடியாகப் பறந்தது.

அக்டோபர் 19, சனி

மழை. கனத்த மழை.

அக்டோபர் 22, செவ்வாய்

மேற்பார்வையாளர் வந்தார். ஊரிலிருந்து ஒரு மனு போயிருக்கிறதாம். விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டு போனார். என்ன ஆகும் என்று சொல்லவில்லை. பிள்ளைகளை அனுப்புகிற தாய்மார்கள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். முன்பு உள்ளே வந்து உட்கார்ந்து பேசுவார்கள்.

முட்டை இருபத்தைந்து வந்தது. இருபத்தைந்தும் பிள்ளைகளுக்கே போட்டேன். இதை எழுத வேண்டிய அவசியம் முன்பெல்லாம் வந்ததில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

எங்கள் உளுந்து ஒரு விரல் உயரத்துக்கு வரிசையாக நிற்கிறது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

முப்பிடாதியின் நிலத்தில் பாதிதான் முளைத்திருக்கிறது. காய்ந்த மண்ணில் விழுந்த விதை கொஞ்சம் எறும்புக்குப் போயிற்று. அடுத்த நாள் பெய்த கனத்த மழையில் கொஞ்சம் அழுகியது. அங்கங்கே பாய் விரித்தது போல வெறும் மண். இன்று காலை அவள் தனியாக, ஒரு சின்னக் கம்பியால் மண்ணைக் குத்திக் குத்தி, முளைக்காத இடங்களில் மறுபடி விதை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் மிச்சமிருந்த விதை உளுந்தை எடுத்துக்கொண்டு போய் வரப்பில் நின்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் இருந்த வரிசைக்கு நான்கு வரிசை தள்ளி இறங்கினேன். கம்பி இல்லை. விரலால் குத்தினேன்.

ஒரு வரிசை முடிந்தது. இரண்டாவதில் பாதி. இடுப்பு விட்டுப்போயிற்று. நிமிர்ந்தால் அவள் பார்த்துவிடுவாள் என்று நிமிரவில்லை.

அப்போது அவள் குரல் கேட்டது. தலையைத் தூக்காமலேதான் பேசினாள்.

"ரொம்ப ஆழமாப் போடுதீக. ரெண்டு விரக்கடை போதும். அதுக்குக் கீழ போனா முளைக்காது."

நான் திரும்பிப் போய், ஊன்றிய வரிசையை முதலிலிருந்து தோண்டி, விதையை ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு விரல்கடையில் மறுபடி வைத்தேன். மதியம் வரைக்கும் ஆயிற்று.